சின்னமுத்துப் பரவும் வழி

தொற்றுதல் என்னுஞ் சொல்லுக்குப் பற்றிக்கொள்ளுதல், தொத்திக்கொள்ளுதல் என்பன பொருள். ஆதலின் தொற்றுநோய் என்றவுடன், நோயாளியைத் தீண்டினாலன்றி அது நம்மை அணுகாதெனப் பலர் எண்ணுகின்றனர். தமிழாசிரியராகிய நாமும் சொல்லாராய்ச்சியில் விருப்புடையேமாயினும், இவ்விடத்திற் சொல்லை நம்புவது தகாது. தீண்டாமலே பற்றும் நோய்களுள் தலையாயது சின்னமுத்து. தமிழகத்தார் இதனை மணல்வாரி என்றும் தட்டம்மை என்றும் வழங்குவர்.

இந்நோயை விளைவிப்பது ஒரு வைரசு. நோயாளி இருமும்போதும் தும்மும்போதும், ஏன், வாளா மூச்சுவிடும்போதும், அவ்வைரசைச் சுமந்த துளிகள் காற்றிற் கலக்கின்றன. பெருந்துளிகள் விரைவில் நிலத்தில் வீழ்ந்துவிடும். மிகச் சிறியனவோ அடுப்புப் புகைபோல அறையெங்கும் மிதக்கும். நோயுற்ற பிள்ளை எழுந்து சென்ற பின்னரும் இரண்டு மணிநேரம் வரை அவ்வறையின் காற்று நோய்தர வல்லது. நிர்ப்பீடனம் இல்லாதோர் பதின்மர் அப்பிள்ளையுடன் நெருங்கிப் பழகின், ஒன்பதின்மர் வரை நோய்ப்படுவர். பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமுமுள்ள லயன் காம்பராவில் ஐவர் அறுவர் ஒருங்கே உறங்கும்போது என்ன நிகழும் என்பதைப் புளத்கொகுபிட்டியில் வாழ்வோர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வட அத்திலாந்திக்குச் சமுத்திரத்திலுள்ள பாரோத் தீவுகளில் 1846ஆம் ஆண்டு இந்நோய் புகுந்தது. ஏறத்தாழ 7,800 மக்களுள் 6,000 பேர்வரை நோயுற்றனர். அங்கு அனுப்பப்பட்ட பீற்றர் பானும் என்னும் இளம் தேனிய வைத்தியர், ஊரூராகச் சென்று, யார் எந்நாளில் யாரைச் சந்தித்தார், எந்நாளிற் தடிப்புத் தோன்றியது என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார். சந்திப்பிற்கும் தடிப்பிற்கும் இடையே பதின்மூன்று அல்லது பதினான்கு நாட்கள் கழிவதை இவ்வாறு கண்டறிந்தார். மற்றொன்றும் கண்டார்: 1781இல் அத்தீவுகளில் இதே நோய் பரவியபோது அதற்காளாகித் தப்பிய முதியோருள், அறுபத்தைந்து ஆண்டுகளின் பின் ஒருவரேனும் மீண்டும் நோயுறவில்லை. வைரசு என்னும் பொருளையே உலகம் அறியாத காலத்தில், ஒரு குறிப்புப் புத்தகத்தையும் பொறுமையையும் துணைக்கொண்டு இத்துணையும் அறிந்தமை நம் மாணாக்கர் கருதத்தக்கது.

இனி, நாம் வற்புறுத்த விரும்புவதற்கு வருவோம். சின்னமுத்து முதலில் சின்னமுத்தாகத் தோன்றுவதில்லை. காய்ச்சல், தடிமன், இருமல், கண்சிவப்பு என்பனவே முதற் குறிகள். தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பிருந்தே பிள்ளை பிறர்க்கு நோயைக் கொடுக்கத் தொடங்கிவிடுகின்றது. தோன்றிய பின்னும் நான்கு நாட்கள் கொடுக்கின்றது. தடிப்பைக் கண்டதும் வாயிலில் வேப்பிலை செருகி, அயலார் வரவை நிறுத்தும் நம் முன்னோர் வழக்கம் பின்னைய நான்கு நாட்களுக்கு நல்ல காவலே. அதனை நாம் இகழோம். ஆயின் முன்னைய நான்கு நாட்களிலோ அப்பிள்ளை வகுப்பு வாங்கிலும் பிள்ளைக் காம்பராவிலும் கோயில் மண்டபத்திலும் இருந்து வந்துவிட்டது. அந்நாட்களுக்குக் காவல் தடுப்பூசி ஒன்றே.

இலங்கையில் இவ்வூசி 1984ஆம் ஆண்டு தேசிய திட்டத்திற் சேர்க்கப்பட்டது. இப்பொழுது ஒன்பதாம் மாதத்திலும் மூன்றாம் வயதிலும் இடப்படுகின்றது. 2019இல் இந்நாட்டிற் சின்னமுத்து ஒழிக்கப்பட்டதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எனினும் 2023இல் அது மீண்டும் தலைகாட்டியது. ஊசிபெறும் வயதை எட்டாத சிசுக்களும், இருபது வயதைக் கடந்தோரும் நோயுற்றவர்களுள் மிகுதியாயிருந்தனர். சிசுவுக்கு நியூமோனியாவும், போசாக்குக் குறைந்த குழந்தைக்குக் கண்பார்வைக் கேடும் இந்நோயால் நேரக்கூடும்.

வளர்ந்தோரும் நோயுறுவர் என்பதைப் பழைய மாணவர்களே சிறப்பாகக் கவனிக்கவேண்டும். கொழும்பிற் கடைகளிலும் காரியாலயங்களிலும் பணிபுரிவோர், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நெருக்கமான பேருந்துகளில் ஊர் திரும்புகின்றனர். வந்தவர்க்குச் சிறு காய்ச்சலும் கண்சிவப்பும் இருப்பின், பயணக் களைப்பென்றே வீட்டார் கருதுவர். தங்கையின் ஆறுமாதக் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சவும் விடுவர். இரு ஊசிகளும் பெற்றமைக்குச் சான்று, பிள்ளைப்பருவத்துச் சுகாதாரப் பதிவேட்டில் இருக்கும். அது கிடையாதவர் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்தில் விசாரித்தல் நன்று. பண்டிகைக்குப் புறப்படும் நாளிலன்று, சில வாரங்களுக்கு முன்னரே, ஏனெனில் ஊசியின் பயன் உடலில் நிலைபெற இரண்டு மூன்று வாரங்கள் செல்லும்.