வழிதவறி வந்த மாடு

காலபோகப் பயிர் வளருங் காலத்தில், பட்டி தவறிய மாடு வயலுட் புகுதல் கனகராயன்குளப் பகுதியில் வழக்கம். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்தபோது மாடுகளை விட்டுச் செல்ல நேர்ந்த வன்னிக் கமக்காரர், அவ்விழப்பின் துயரை நன்கறிவர். ஆதலின், வந்த மாட்டை அடித்து ஏ9 வீதிக்குத் துரத்தலாகாது. வாகனம் மோதின் மாடும் மனிதரும் மடிய நேரும்.

செய்ய வேண்டியவை:

1. மாட்டை நிழலிற் கட்டித் தண்ணீரும் வைக்கோலும் கொடுத்தல் வேண்டும். பசித்த மாட்டுக்குத் தானியத்தை மிகுதியாக இடின் வயிறு ஊதும்.

2. சுட்ட குறி, காதுத் தகட்டின் இலக்கம், நிறம் ஆகியவற்றை எழுதி, அன்றே கிராம அலுவலருக்கும் பொலிசாருக்கும் அறிவித்தல் வேண்டும்.

3. சொந்தப் பட்டியிற் சேர்க்கலாகாது. கால், வாய் நோய் தொற்றியிருப்பின் வெளிப்பட 14 நாள் வரை செல்லலாம். வாயில் நுரையோ குளம்பிடையிற் புண்ணோ கண்டால் கால்நடை வைத்தியரை அழைத்தல் வேண்டும்.

4. உரிமை கோருபவர், மாட்டைக் காணுமுன் அதன் குறியைச் சொல்லுதல் வேண்டும். 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின்படி பெற்ற உரிமைச் சீட்டையும் பார்த்தே ஒப்படைத்தல் நன்று.

பயிர் நட்டத்தைக் கிராம அலுவலர் முன்னிலையில் உரியவரோடு பேசித் தீர்க்கலாம். வாயில்லாச் சீவன்மீது தீர்க்க வேண்டாம்.