முனை ஒடிந்த வேல்

அதியமான்கோட்டையில் பெருஞ்சாலைக்குப் பக்கத்திலேயே பட்டறை போட்டு, பிரிப்பதும் மூட்டுவதுமாக முடி நரைத்தவன் நான். தாத்தா ஓட்டிய புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஐயா, இது நூற்றறுபது போகுமா?" என்று கேட்கும் பையன்கள் இப்போது அதிகம். அமெரிக்காவில் பான்வில் உப்புத்தரையில் பழைய வண்டிகள் பறப்பதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

1. முதலில், வெளியே தெரிகிற சாலையை மறந்துவிடு. தொப்பூர் கணவாய் இங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே கவிழ்ந்த லாரிகளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேகத்துக்குத் தனி இடம் உண்டு. என் இளவயதில் சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தும். வைக்கோல் கட்டுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். 1990-க்குப் பிறகு இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடமே வந்துவிட்டது. கோவைப் பக்கம் செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. உரிமம் வாங்கு, கட்டணம் கட்டு, ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் ஓட்டு. இது முடியாது என்பவன் இரண்டாவது எண்ணைப் படிக்க வேண்டாம்.

2. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் விதிப்புத்தகத்தைப் படி. பான்வில்லில் விண்டேஜ் பிரிவு என்றால் 1956-க்கு முந்தைய இன்ஜின். நம் திருவொற்றியூர் புல்லட்டின் வடிவம் அந்தக் காலத்ததுதான். 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து வந்த அதே வடிவத்தைப் பல பத்தாண்டுகள் மாற்றாமல் செய்தார்கள். ஆனால் பார்வைக்குப் பழசாக இருப்பது வேறு, விதிக்குப் பழசாக இருப்பது வேறு. கூடு மாட்டலாமா, சட்டத்தை வெட்டலாமா, என்ன பெட்ரோல் ஊற்றலாம் என்பதெல்லாம் பிரிவுக்குப் பிரிவு மாறும். இரண்டு வருடம் உழைத்துவிட்டு, பரிசோதகர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்காதே.

3. உன் எதிரி இன்ஜினுக்குள் இல்லை. உன் நெஞ்சில் வந்து மோதுகிற காற்றுதான் எதிரி. இதைப் புரிந்துகொள்ளாமல் பணத்தைக் கரைத்தவர்கள்தான் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நூற்றிருபது வேகத்தில் காற்றைத் தள்ள மட்டும் 15 குதிரைத்திறன் ஆகிறது என்று வை. நூற்றறுபதுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டால், பையன்கள் எல்லோரும் 20 என்பார்கள். வேகம் மூன்றில் ஒரு பங்குதானே கூடுகிறது என்ற கணக்கு. ஆனால் காற்றுக்குச் செலவாகும் திறன் வேகத்தோடு மும்மடிப் பெருக்கமாக ஏறும். நாலை மூன்றால் வகுத்து, வந்ததை மூன்று முறை வைத்துப் பெருக்கிப் பார்: 2.37 வரும். பதினைந்து, முப்பத்தைந்தரை ஆகிவிட்டது. பழைய புல்லட் 350 புதுசாக இருந்தபோது கொடுத்ததே 18 குதிரைத்திறன். மிச்சத்தை எங்கே போய்ப் பிடுங்குவாய்?

அதனால் முதலில் காற்றுக்கு முன்னால் நிற்பதைக் குறை. கண்ணாடி, இண்டிகேட்டர், கிராஷ் கார்டு, பக்கப் பெட்டி எல்லாம் கழற்று. ஹேண்டிலைக் கீழே இறக்கு, கால்வைப்பைப் பின்னால் தள்ளு, டேங்க்மேல் நெஞ்சு படியப் படு. 1948-ல் ரோலி ஃப்ரீ என்பவர் பான்வில்லில் வின்சென்ட் வண்டியில் 150 மைலைத் தொட முயன்றார். தோல் உடுப்பு காற்றில் படபடத்துக் கிழிந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு நீச்சல் உடையோடு, காலைப் பின்னால் நீட்டி, வண்டிமேல் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு போனார். 150.313 மைல், நம் கணக்கில் ஏறக்குறைய 242 கிலோமீட்டர். உடம்பு படிந்து கிடந்தால் என்ன கிடைக்கும் என்பதை மட்டும் அவரிடம் கற்றுக்கொள். உடுப்பு விஷயத்தில் அவரைப் பின்பற்றினால் பட்டறைப் பக்கம் வராதே.

4. சக்கரம். எங்கள் ஊர்க்காரனைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அதியமான் நெடுமான் அஞ்சியின் பெருமையைப் பகைவருக்குச் சொல்ல வந்த ஔவை ஒரு தச்சனைக் காட்டுகிறாள். ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன், ஒரு மாதம் உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் அது எப்படி இருக்கும், அப்படிப்பட்டவன் எங்கள் தலைவன் என்கிறாள். புறநானூறு 87. ரிட்டையர் ஆன தமிழ் வாத்தியார் ஒருவர் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தபோது எனக்குச் சொன்னது. அன்றிலிருந்து சக்கர வேலைக்கு நான் அவசரப்படுவதில்லை.

ஸ்போக்ஸ் பழசென்றால் முழு செட்டையும் மாற்று, நாலைந்தை மட்டும் மாற்றிச் சமாளிக்காதே. ரிம்மில் பக்கவாட்டு ஆட்டமும் மேல்கீழ் ஆட்டமும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வரும்வரை அவுட் எடு. பேரிங் புதுசு. டயர், அந்த வேகத்துக்கு என்று தயாரிப்பாளர் எழுதிக்கொடுத்ததாக இருக்கட்டும். பட்டன் ஆழமாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதே. பத்து வருடம் கொட்டகையில் கிடந்த டயர் புதுசு மாதிரி மின்னும், வேகத்தில் சூடேறியதும் தோல் உரியும். வால்வுக்கு உலோக மூடி போடு, பிளாஸ்டிக் வேண்டாம். வேகமாகச் சுற்றும்போது வால்வு ஊசி வெளிப்பக்கம் தள்ளப்படும், அப்போது காற்றைப் பிடித்து நிறுத்துவது அந்த மூடிதான்.

5. முன் ஃபோர்க்கும் ஸ்டியரிங் கோனும். ஹேண்டிலில் ஆட்டம் இருந்தால் எண்பதில் கூச்சமாக இருக்கும், நூற்றிருபதில் உன்னைத் தூக்கி எறியும். ஸ்டியரிங் டேம்பர் மாட்டு.

6. இன்ஜினைக் கீழிருந்து கட்டு. எல்லோரும் ஹெட்டில் ஆரம்பிப்பார்கள்: பெரிய வால்வு, பெரிய கார்புரேட்டர். அடியில் கிராங்க் பின் தேய்ந்து கிடக்கும். புல்லட் 350-ன் போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. நெட்டை இன்ஜின். அது நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால் பிஸ்டன் சராசரியாக விநாடிக்கு 18 மீட்டர் ஓடுகிறது, நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் தடவை நின்று திரும்புகிறது. அந்தத் திருப்பத்தின் இழுவை முழுக்கக் கண்ராட்டின் மேல்தான். 5500-லிருந்து 6500-க்கு ஏற்றினால் இழுவை 40 சதவீதம் கூடும், ஏனென்றால் அது சுற்றின் இருமடியில் ஏறுகிறது. ஆகவே கிராங்க்கை லேத் வைத்திருக்கும் நல்ல கைக்காரனிடம் கொடுத்து அவுட் பார்க்கச் சொல், எடையைச் சமன் செய், ஆயில் பம்ப்பைப் பிரித்துப் பார். பிறகு மேலே போ.

பெர்ட் மன்றோ என்ற நியூசிலாந்துக்காரர் கதை உனக்குத் தெரிந்திருக்கும், படமாகவும் வந்தது. 1920-ம் வருடத்து இந்தியன் ஸ்கவுட். பெயரைப் பார்த்து நம் நாட்டு வண்டி என்று நினைத்துவிடாதே, அமெரிக்க வண்டி. வாங்கியபோது மணிக்கு 55 மைல் போனதை, கொட்டகையில் தானே பிஸ்டன் வார்த்து, தானே கண்ராடு அராவி, நாற்பது வருடத்துக்கு மேல் மாற்றிக்கொண்டே இருந்தார். உடைந்துபோன பிஸ்டனையும் ராடையும் தூக்கிப் போடவில்லை. ஒரு அலமாரியில் அடுக்கி, 'வேகக் கடவுளுக்குப் படையல்' என்று எழுதி வைத்தார். 1967-ல் அறுபத்தெட்டு வயதில் அந்த வண்டியில் 1000 சிசி பிரிவின் சாதனையை எடுத்தார்.

நம் ஔவையும் இதையே சொல்லியிருக்கிறாள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனபோது அவன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். எல்லாம் மயில்பீலி சூட்டி, நெய் பூசிப் பளபளவென்று இருக்கிறது. எங்கள் அரசனின் வேலெல்லாம் பகைவரைக் குத்தி முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் அல்லவா கிடக்கிறது என்கிறாள். புகழ்வது மாதிரி ஒரு குத்து. நட்சத்திர ஓட்டல் வாசலில் நடக்கும் பழைய வண்டிக் கண்காட்சிகளுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நெய்தான் ஞாபகம் வரும். நீ எந்தப் பக்கம் என்று முதலிலேயே முடிவு செய். குரோம் பூசக் காசு வைத்திருப்பவன் அதைப் பிஸ்டனுக்குச் செலவழிக்கட்டும்.

7. கியர் விகிதத்தைக் காகிதத்தில் போடு. நீ வண்டியில் உட்கார்ந்தபடி பின்சக்கரம் ஒரு சுற்று உருண்டால் எவ்வளவு தூரம் போகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு அள. இரண்டு மீட்டர் என்று வை. நூற்றறுபது வேகத்துக்குச் சக்கரம் நிமிடத்துக்கு 1333 சுற்று சுற்ற வேண்டும். இன்ஜின் அதிகபட்சத் திறனை 6000-ல் கொடுக்கிறது என்றால் மொத்த விகிதம் 4.5. இதைவிட உயர்ந்த கியர் போட்டால் வேகம் கூடும் என்று நினைப்பாய். கூடாது, இன்ஜின் திணறி, திறன் வருகிற சுற்றை எட்டாமலே ஓட்டம் முடிந்துவிடும். உப்புத்தரையில் சக்கரம் வழுக்கும் என்பதால், காகிதக் கணக்கு அங்கே இன்னும் கொஞ்சம் தள்ளும். அதனால் முன்னாலும் பின்னாலும் ஒரு பல் கூடவோ குறையவோ உள்ள ஸ்ப்ராக்கெட்டுகளைக் கையோடு கொண்டு போ.

8. ஜெட். இது என் சொந்த முட்டாள்தனத்தில் கற்றது. ஒரு முறை வண்டியை ஏற்காட்டுக்கு ஏற்றினேன். மேலே காற்று மெலிசு, பெட்ரோல் கூடுதலாகி பிளக் கரியாக வந்தது. மெயின் ஜெட்டைச் சின்னதாக மாற்றினேன், அருமையாக இழுத்தது. அதே ஜெட்டோடு கீழே இறங்கி, மறுநாள் காலைக் குளிரில் திராட்டிலை முழுக்கத் திறந்தேன். கீழே காற்று கனம், பெட்ரோல் போதவில்லை. கொஞ்ச தூரத்தில் 'டப்'பென்று சத்தம். பிஸ்டன் தலையில் சுண்டுவிரல் போகிற ஓட்டை. பான்வில் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,280 மீட்டர் உயரம், ஏற்காட்டை விடக் கொஞ்சம்தான் கீழே. சென்னையில் சரிபார்த்த ஜெட் அங்கே ஒத்துவராது, அங்கே ஒத்துவந்தது திரும்பி வந்தால் இங்கே ஒத்துவராது. முழு வேகத்தில் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து, அங்கேயே இன்ஜினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார். மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து பார்த்தால் அது மெதுவாக வந்ததன் நிறத்தைத்தான் காட்டும்.

9. கழன்று விழக்கூடியது எல்லாம் கழன்று விழும். ஒற்றை சிலிண்டர் அதிர்வுக்கு ஈடுகொடுக்கும் நட்டு இந்த உலகத்தில் இல்லை. ஆயில் வடிக்கும் போல்ட்டு, ஆக்ஸில் நட்டு, காலிபரோ பிரேக் ராடோ எதுவானாலும் துளை போட்டுக் கம்பி முறுக்கிக் கட்டு. செயினுக்குக் காவல் தகடு வேண்டும். திராட்டிலை விட்டால் தானாக மூடிக்கொள்ள வேண்டும். உன் மணிக்கட்டுக்கும் இன்ஜின் சுவிட்சுக்கும் ஒரு கயிறு: நீ விழுந்தால் இன்ஜின் அணைய வேண்டும்.

10. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஜெட்டையும் டைமிங்கையும் ஸ்ப்ராக்கெட்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு "வண்டி நல்லா வருது ஐயா" என்கிறவனிடம், எதனால் என்று கேட்டால் முழிப்பான். நோட்டுப் புத்தகம் வை. தேதி, நேரம், வெயில், காற்று எந்தப் பக்கம், என்ன மாற்றினாய், எத்தனை விநாடி.

விநாடியைச் சொன்னேன், ஏனென்றால் ஸ்பீடோமீட்டர் முள்ளை நம்பக்கூடாது. அளந்த ஒரு கிலோமீட்டரை 36 விநாடியில் கடந்தால் மணிக்கு 100, முப்பதில் 120, இருபத்திரண்டரையில் 160. கைக் கடிகாரத்தில் கட்டைவிரல் ஒரு விநாடி முந்தினால் 160 என்பது 167 ஆகிவிடும். அதனால்தான் அங்கே மின்கண் வைத்து அளக்கிறார்கள். உலக சாதனை என்றால் போன திசையிலும் வந்த திசையிலும், இரண்டு மணி நேரத்துக்குள் ஓடி, சராசரி எடுக்க வேண்டும். பின்காற்றில் கிடைத்ததை எதிர்காற்று பிடுங்கிக்கொள்ளும்.

கணக்கைச் சரிபார்க்கவும் வேண்டும். மன்றோவின் சராசரியை 1967-ல் 183.586 மைல் என்று பதிந்தார்கள். அதில் கணக்குப் பிழை இருப்பதை அவர் மகன் கண்டுபிடிக்க, 2014-ல்தான் 184.087 என்று திருத்தினார்கள். மனிதர் 1978-லேயே போய்விட்டார். அரை மைல்தான், ஆனால் அந்த அரை மைலுக்கு அவர் எத்தனை பிஸ்டன் வார்த்திருப்பார்!

11. பிரேக்கை நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்காதே. டிரம் பிரேக் ஒரே ஒரு முறைதான் ஒழுங்காகப் பிடிக்கும், அப்புறம் சூட்டில் மழுங்கும். வேகம் எடுத்த தூரத்தைவிட அதிகத் தூரம் நிற்பதற்கு வேண்டும் என்று கணக்கு வை.

12. ஔவைப் பாட்டு மூன்றாவது. இதையும் வாத்தியார்தான் சொன்னார். உப்பு விற்கப் போகும் உமணர், மேடு பள்ளம் எப்படி இருக்குமோ என்று வண்டிக்கு அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள். அதியமான் மகன் எழினியை அந்த உபரி அச்சுக்கு ஒப்பிட்டாள். நீ போகப்போவதும் உப்புத்தரைக்குத்தான். ஹெட் கேஸ்கெட், வால்வு, பிஸ்டன் ரிங், கிளட்ச் வயர், பாயின்ட் செட், செயின் லிங்க், ட்யூப்: எல்லாம் இரண்டு. கடல் தாண்டிப் போய் ஒரு செயின் லாக்குக்காகக் கையைப் பிசைந்து நின்றவர்கள் உண்டு. ஓடி முடித்ததும் நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவு. உப்பு ஒரு வாரத்தில் ஸ்போக்ஸைத் தின்றுவிடும்.

13. வயசு, ஆண், பெண் என்றெல்லாம் யாராவது சொன்னால் காதில் போடாதே. 2018-ல் நம் சென்னைக் கம்பெனியின் 650 இரட்டைச் சிலிண்டர் வண்டியை மாற்றியமைத்து பான்வில்லில் 157 மைல் ஓட்டியது கேலா ரிவாஸ் என்ற பதினெட்டு வயதுப் பெண். மன்றோவுக்கு அறுபத்தெட்டு. எனக்கு அதைவிட மூன்று கூடுதல், அதனால் நான் நோட்டுப் புத்தகம் பிடிப்பதோடு சரி.

14. வண்டியைக் கொண்டுவருவதாக இருந்தால் காலை ஏழு மணிக்கு முன்னால் வா, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டேப்பட் பார்க்க வேண்டும். ஓட்டிக்கொண்டு வராதே, குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வா. தேய்பிறை அஷ்டமி அன்று மட்டும் வேண்டாம். காலபைரவருக்குப் பூசணிக்காய் விளக்கு ஏற்ற வருகிற கூட்டத்தில் என் சைக்கிளே நகராது.