கரும்பலகையில் இரண்டு பத்திகள்

ஒன்பதாம் வகுப்பில் மனிதப் பரிணாமப் பாடத்தை நடத்தும்போது, கரும்பலகையை இரண்டாகப் பிரித்து ‘தொல்லியல்’, ‘மரபியல்’ என எழுதுவேன். ஒரு பாடவேளை போதும்.

முதற்பத்தியில் நம் சேலம் மாவட்டச் சான்று: மேட்டூர் அருகே மாங்காட்டில் கிடைத்த இரும்பு வாள். கரிமக் காலக்கணிப்பின்படி அது பொ.ஆ.மு. 1604-1416 காலத்தது. “சார், அது எந்தச் சாதிக்காரங்க வாள்?” என்று மாணவர் கேட்பதுண்டு. காலத்தையும் தொழில்நுட்பத்தையும் காட்டும் வாள், அதை ஏந்தியவரின் மரபைக் காட்டாது.

அதற்குத்தான் இரண்டாம் பத்தி. வெப்ப நாட்டில் பழைய எலும்பிலுள்ள டி.என்.ஏ. எளிதில் சிதையும். அரியானாவின் ராகிகடியில் 61 மாதிரிகளைச் சோதித்தும், ஒரு பெண்ணின் மரபணுத் தரவு மட்டுமே கிடைத்ததாக 2019இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆகவே இன்று வாழ்வோரின் டி.என்.ஏ.வும் சான்றாகிறது. ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் பங்கேற்ற 2013ஆம் ஆண்டு ஆய்வு, இந்திய மக்களிடையே சுமார் 4200 முதல் 1900 ஆண்டுகளுக்கு முன்புவரை பெருங்கலப்பு நிகழ்ந்தது, அகமணம் அதன் பின்னரே இறுகியது எனக் கணித்தது.

இப்போது இரு பத்திகளையும் இணைக்கச் சொல்வேன். வாளின் காலம் கலப்பு நடந்த காலத்துக்குள் அடங்குவதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். இன்றைய சாதிப் பெயர் எதையும் அந்த வாளுக்குச் சூட்ட முடியாது என்பது அவர்களே எழுதும் முடிவு.