கரையில் நிற்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஏரிக்கரையில் அந்தப் பையனை நாலு பேர் முன்னால் நீ திட்டியதாகக் கேள்விப்பட்டேன். குஞ்சுக்கூட்டத்தோடு நின்ற விராலைப் பிடித்துவிட்டானாம். உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தண்ணீர் கொதிப்பதுபோல மேல்மட்டத்தில் செம்மஞ்சளாகத் துள்ளும் அந்தக் குஞ்சுகளுக்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அங்கே தவளை லூரை எறிந்தால், பசியில்லாவிட்டாலும் குஞ்சைக் காக்கப் பாய்ந்து அடிக்கும். காவலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் குஞ்சுகள் மற்ற மீனுக்கு இரைதான்.

ஆனால் இதில் எதையாவது அவனிடம் சொன்னாயா? “அறிவிருக்கா?” என்று மட்டும் கேட்டாயாம். இனி விரால் எடுத்தால் உன் கண்ணில் படக்கூடாது என்பதைத் தவிர அவன் வேறென்ன கற்றிருப்பான்? திட்டு வாங்கியவன் தூண்டிலை விடுவதில்லை, உன் பக்கம் வருவதைத்தான் விடுகிறான். வேறு கரைக்குப் போய் அதையே செய்வான். அங்கே எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது.

முதலில் மீனைப் பார். ஒருவேளை அது அவனுடைய முதல் விரால். எந்த லூர், நரம்பு தாங்கியதா, முள் எங்கே ஏறியிருந்தது என்று கேள். முகம் மலர்ந்து சொல்வான். அதற்குப் பிறகு குஞ்சு விஷயத்தைச் சொல். சும்மா ‘பிடிக்காதே’ என்று நிறுத்தாமல், கோரைப்புல் ஓரத்திலும் அல்லி இலை இடைவெளியிலும் எறிந்து பார்க்கச் சொல். வேறு வழி காட்டாமல் தடுத்தால் யார் கேட்பார்கள்?

ஐசக் வால்டன் 1653-இல் வெளியிட்ட ‘தி கம்ப்ளீட் ஆங்லர்’ இங்கிலாந்தின் ஆற்றங்கரைகளில் மூத்தவர் ஒருவர் சீடனுக்குச் சொல்லிக்கொடுப்பதாக அமைந்த புத்தகம். ஓரிடத்தில் சீடனுக்கு மீனே விழவில்லை. உங்கள் கம்புதான் நல்ல கம்பு என்று குறைப்படுகிறான். குரு மறுபேச்சில்லாமல் தன் கம்பைக் கொடுத்துவிட்டு அவனுடையதை வாங்கிக்கொள்கிறார். அதிலும் அவருக்கு மீன் விழுகிறது. குறை கம்பில் இல்லை என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிட்டார், பார்.

பிடித்ததைத் திரும்ப விடுகிறவர்கள், குழம்பு வைக்கிறவர்களை இளக்காரமாகப் பேசுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. மூங்கில் கம்பும் மண்புழுவுமாக உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு அந்தக் கெண்டைதான் ராத்திரிச் சாப்பாடு. காய்ந்த கையால் அழுத்திப் பிடித்து, மண்ணில் புரட்டி, பத்து படம் எடுத்த பிறகு விடுகிறவரைவிட அவர் எந்த விதத்தில் குறைந்தவர்? மேலே இருக்கும் வழுவழுப்பு போனால், விட்ட மீனுக்கும் நோய் பிடிக்கும். விடுவதே எப்போதும் புண்ணியம் என்றும் இல்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க 2000-இலேயே நம் நாட்டில் தடை வந்துவிட்டது. ஆனாலும் ஏரிகளில் அது இருக்கிறது, நாட்டு மீன்களைத் தின்கிறது. அது தூண்டிலில் வந்தால் திரும்ப விடாமல் இருப்பதுதான் ஏரிக்கு நல்லது. பெரியவர் அதைப் பையில் போட்டால் நன்றி சொல்.

கரண்ட் வைத்தும் வெடி போட்டும் பிடிக்கிறவர்கள் கதை வேறு. அங்கே பணிவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். மீன்வளத் துறைக்குச் சொல்லிவிடு.

எந்த இடத்தில் பிடித்தாய் என்று கேட்பவர்களிடம் பொய் சொல்லாதே. சொல்ல விருப்பமில்லையென்றால், “இடம் வேண்டாம்ணே, இரையும் நேரமும் சொல்றேன்” என்று சொல். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எடைச் சண்டையில் மட்டும் இறங்கவே இறங்காதே. கையை முன்னால் நீட்டிப் படம் எடுத்தால் அரைக் கிலோ ஜிலேபி ஒன்றரைக் கிலோவாகத் தெரியும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும், நீயும் செய்திருக்கிறாய். மூன்று கிலோ என்று ஒருவர் சொன்னால் தலையாட்டிவிட்டு, எந்த இரையில் எடுத்தார் என்று கேட்டுக்கொள். இரை விஷயத்தில் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்வார்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்