ஃபகிள் ஹாப்ஸ் கொடியும் வாடல் வியாதியும்

ஹாப்ஸ் என்பது கம்பங்களிலும் கயிறுகளிலும் ஏற்றி வளர்க்கப்படும் பல்லாண்டுக் கொடியாகும். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பெண் கொடியின் கூம்புகளில் உண்டாகும் மஞ்சள் தூளுக்காகவே இது சாகுபடி செய்யப்படுகிறது. பீர் காய்ச்சுகையில், முளைவிட்ட பார்லியின் சாற்றுடன் கூம்புகளை நெடுநேரம் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும். கடைசியில் சேர்த்தால் வாசனை நிற்கும். பானம் புளித்துக் கெடாமல் காப்பதும் இச்சரக்கே.

இங்கிலாந்தின் கெண்ட் ஜில்லாவைச் சேர்ந்த ஃபகிள் ரகத்தில் கசப்புச் சத்து நூற்றுக்குச் சுமார் 3 முதல் 5 பங்கே. ஆயினும் ஈரக் களிமண்ணிலும் நன்கு வளர்ந்தபடியால் குடியானவரும், மண்ணும் மரமும் கலந்தாற்போன்ற அதன் மென்மணத்தின் பொருட்டுப் பீர் காய்ச்சுவோரும் இதைப் பெரிதும் விரும்பினர்.

1924-ல் அந்த ஜில்லாவின் பென்ஸ்ஹர்ஸ்டில் வாடல் வியாதி காணப்பட்டது. வெர்டிசிலியம் என்னும் பூஞ்சாணம் மண்ணிலிருந்து வேர்வழியே புகுந்து நீரோட்டத்தைத் தடுக்கிறது. இலைகள் மஞ்சள் கோடு கண்டு உதிரும். தண்டை அறுத்தால் உட்புறம் பழுப்பேறியிருக்கும். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்போருக்கு இத்தகைய கவலை புதிதன்று. ஃபகிளுக்கு எதிர்ப்புச் சக்தி சொற்பம். மருந்து தெளித்தும் பயனில்லை. நோய் கண்ட கொடியையும் அதன் அண்டைக் கொடிகளையும் தூரோடு தோண்டி எரிப்பதும், அத்தோட்டத்து மண் ஒட்டிய கருவிகளும் காலணிகளும் அடுத்த தோட்டம் செல்லாமல் தடுப்பதுமே வழி. வை கல்லூரியார் எதிர்ப்புள்ள ரகங்களை உண்டாக்கிய பின்னர் ஃபகிள் பரப்பு மிகவும் சுருங்கியது.

ஸ்லோவேனியாவில் சாவின்யா கோல்டிங் என வழங்குவதும் ஃபகிள் கொடியே. பெயரைக் கண்டு கோல்டிங் ரகமென மயங்கலாகாது.