ஒன்லைன் கணக்குப்பதிவு டிப்ளோமா: காசு கட்டுமுன்

ஓ.எல். பெறுபேறு வந்ததும் போனில் விளம்பரமும் வந்துவிடும்: வீட்டிலிருந்தே இரண்டு வாரத்தில் கணக்குப்பதிவாளர் டிப்ளோமா, சர்வதேச அங்கீகாரம், இன்றே கட்டினால் பாதிக் கட்டணம். ஹாலிஎலத் தோட்டத்து வீட்டில் அந்தப் பாதிக் கட்டணமே கொழுந்துக் காசு, சீட்டுக் காசு.

செய்ய வேண்டியவை

- இந்தச் சான்றிதழை யாரிடம் காட்டப் போகிறீர்கள்? பதுளையில் ஒரு ஹார்ட்வெயார் முதலாளியா, தோட்டத்து ஆபிஸா, பண்டாரவளையில் ஒடிட் செய்பவரா? அவரிடமே முதலில் போய், இதை ஏற்பீர்களா என்று கேளுங்கள். விளம்பரக்காரரின் பதிலைவிட அவருடைய பதில்தான் கணக்கு.

- நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறதா என்று ஆணைக்குழுவின் இணையதளத்தில் பாருங்கள். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அந்தப் பதிவைக் கேட்கிறது. அதோடு நின்றுவிடாதீர்கள். நிறுவனம் பதிந்திருப்பது வேறு, அந்தக் கோர்ஸுக்குத் தரச்சான்று இருப்பது வேறு. தேசிய தொழிற்தகைமையில் (என்.வி.கியூ.) அது எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். "எல்லாம் இருக்கு தங்கச்சி" என்றால் அது பதிலில்லை. எண் சொல்ல வேண்டும்.

- பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள். ஈ.பி.எஃப்.புக்குத் தொழிலாளி 8%, முதலாளி 12%, ஈ.டி.எஃப். 3%. இலங்கையில் சம்பளக் கணக்கு எழுதுபவருக்கு இது அரிச்சுவடி. வட் வரி 2024 ஜனவரி முதல் 18%. இவை எதையும் தொடாமல் அமெரிக்க வரிப் படிவங்களை மட்டும் நடத்தும் கோர்ஸ் இங்கே எதற்கு? வெளிநாட்டுக் கம்பனிக்கு ஒன்லைனில் வேலை பார்க்கும் எண்ணமென்றால் கதை வேறுதான். ஆனால் அங்கே பயன்படும் கணக்கு மென்பொருளான குவிக்புக்ஸைத் தயாரிக்கும் இன்டியூட், கணக்காளர்களுக்கான தன் சான்றிதழை இலவசமாகவே கொடுக்கிறது. இடையில் நிற்பவர் எதற்காகக் காசு கேட்கிறார்?

- தொழிற்பயிற்சி அதிகார சபையிலும், 1987இல் தொடங்கிய கணக்கியல் அமைப்பான ஏ.ஏ.டி. ஸ்ரீ லங்காவிலும் விசாரியுங்கள். ஏ.ஏ.டி. இரண்டு வாரத்தில் முடியாது, பரீட்சை எழுதித்தான் ஏற வேண்டும். அதனால்தான் அதற்கு மதிப்பு.

செய்யக்கூடாதவை

- "அரசாங்கத்தில் பதிந்த நிறுவனம்" என்பதில் மயங்காதீர்கள். வியாபாரப் பெயரைப் பதிந்தவர் எவரும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். சந்தியில் இருக்கும் பேக்கரிக்கும் அந்தப் பத்திரம் உண்டு.

- அங்கீகாரம் கொடுத்ததாகச் சொல்லும் சபைக்கு அழகான இணையதளம் இருப்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள். கராச்சியின் அக்ஸக்ட் கம்பனி பற்றி 2015 மே மாதம் நியூயோர்க் டைம்ஸ் எழுதியது நினைவிருக்கலாம். இல்லாத பல்கலைக்கழகங்களை இணையத்தில் உண்டாக்கி, பேராசிரியர்களாக நடிகர்களை வீடியோவில் பேசவைத்து, பட்டம் விற்றார்கள். அந்தப் பல்கலைக்கழகங்களை அங்கீகரிக்கும் சபைகளையும் அவர்களே உண்டாக்கினார்கள். அங்கீகரித்தவர் யார் என்று தேடிப் போனவரும் அதே வலைக்குள்தான் விழுந்தார்.

- தனியாள் ஒருவரின் வங்கிக் கணக்குக்குக் கட்டணம் போடாதீர்கள். அடையாள அட்டையின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஓ.டி.பி. இலக்கத்தை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

- "இன்று இரவோடு சலுகை முடிகிறது" என்றால் முடியட்டும், விட்டுவிடுங்கள்.

- ஏமாந்துவிட்டால், லயத்தில் நாலு பேர் சிரிப்பார்கள் என்று மறைக்காதீர்கள். வங்கிச் சீட்டு, வட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட் மூன்றையும் அழிக்காமல் வைத்து, முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள். பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள்.