பள்ளிக்கரணைச் சதுப்பும் காட்டுத் தேனீக்களும்

தேனீ என்றதும் அடையும் தேனும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் உலகில் இதுகாறும் அறியப்பெற்ற தேனீ இனங்கள் 20,000-க்கும் மேற்பட்டவை; அவற்றுள் அடை கட்டித் தேன் சேர்ப்பவை மிகச் சிலவே. ஏனையவற்றுள் பெரும்பாலானவை தனித்து வாழ்வன. அவற்றுக்கு அரசியும் இல்லை. வேலைக்காரத் தேனீக்களும் இல்லை. பெண் தேனீ தானே வளை தோண்டி, மகரந்தத்தைத் திரட்டி வைத்து, அதன்மீது முட்டையிட்டு, வாயிலை அடைத்துவிட்டுச் செல்லும். இத்தகைய காட்டுத் தேனீக்களை நகர்ப்புறச் சதுப்பு ஒன்றில் கணக்கெடுக்கும் முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னையின் தென்பகுதியிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பின் ஒரு பகுதி 2007-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பெற்றது. 2022-இல் அது ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஒருபுறம் பெருங்குடிக் குப்பைமேடு, மறுபுறம் அடுக்குமாடிக் கட்டடங்கள். அங்குச் செல்வோரின் கண் பூநாரை மீதும் நீர்க்கோழி மீதும் படிவதே வழக்கம். தேனீயைத் தேடுபவரோ நீருக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். தனித் தேனீக்களுட் பல, நீர் தேங்காத வெற்று மண்ணில் வளை தோண்டுவன. சில, காய்ந்த தண்டின் துளையில் குடியேறுவன. தச்சுத் தேனீ பட்ட மரத்தைக் குடைவது. ஆகவே சதுப்பின் தேனீ வளம் பெரிதும் அதன் கரையில்தான் உள்ளது.

முதலில் பெயர்ச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ளுதல் நன்று. மலர் நாடும் பூச்சிகளைச் சங்க நூல்கள் வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி எனப் பலவாறு வழங்கின. இன்றோ தும்பி என்பது தட்டாரப்பூச்சியைக் குறிக்கிறது. வண்டு என்பது வன்சிறகுடைய பூச்சிகளுக்கும் பொதுப்பெயராயிற்று. எனவே களக்குறிப்பில் பெயரோடு உருவையும் எழுதுதல் வேண்டும். தேனீக்கு நான்கு சிறகுகள். தேனீபோல் தோன்றி ஏமாற்றும் ஈக்கு இரண்டே. தமிழ்த்துறை மாணவரும் இப்பணியில் பங்குகொள்ள இடமுண்டு என்பது என் கருத்து.

கணக்கெடுப்பில் இரு வழிகள் பெருவழக்கு. மஞ்சள், நீலம், வெள்ளை நிறக் கிண்ணங்களில் சோப்பு நீர் ஊற்றி வைத்தால், அவற்றை மலரெனக் கருதி வரும் தேனீ அதில் வீழும். நீரின் மேற்பரப்பு இழுவிசையைச் சோப்பு குறைத்துவிடுவதால் அது மீள இயலாது. கிண்ணங்களைச் செடிகளின் மலர் உயரத்தில் வைத்தல் சிறந்தது. ஆனால் இம்முறையில் சிறு தேனீக்கள் மிகுதியாகவும் தச்சுத் தேனீ போன்ற பெரியவை அரிதாகவும் சிக்கும். கிண்ணத்தை மட்டும் நம்பினால் எருக்கம்பூவில் ரீங்கரிக்கும் தச்சுத் தேனீ அவ்விடத்தில் இல்லையென்றே முடிவாகிவிடும்! ஆதலால், வரையறுத்த பாதையில் வரையறுத்த நேரம் நடந்து, தும்பை, நெருஞ்சி முதலிய மலர்களில் அமர்வனவற்றை வலையால் பிடிக்கும் இரண்டாம் முறையும் உடன் வேண்டும்.

இவ்விரண்டும் தேனீ உண்ணும் இடத்தையே காட்டுவன. உறையும் இடத்தைக் காட்டா. குறை இங்கேதான் உள்ளது. சிறு தேனீக்கள் தம் வளையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே இரைதேடுவன. கரையை அழகுபடுத்துவதாகக் கருதிக் கல் பதித்து, காய்ந்த தண்டுகளை அகற்றிவிட்டால், பூ இருந்தும் தேனீ இராது. இழப்பு சதுப்போடு நிற்பதுமன்று. கத்தரியின் மகரந்தம் நுண்துளை வழியே வெளிப்படுவது. நீலப்பட்டைத் தேனீ தன் மார்புத் தசையை அதிரச்செய்து அதனை உதிர்க்கும். அடை கட்டும் தேனீக்கு அவ்வித்தை தெரியாது.

எனவே நடைபாதையில் வளை வாயில்களையும் எண்ணுக. மண் மணலா களியா, கரை எத்திசை நோக்கியது என்பவற்றையும் குறிக்க. வடகிழக்குப் பருவமழையில் மூழ்கும் கரை கோடையில் வெடித்துக் கிடக்கும். ஒருமுறை சென்று பட்டியலிடுவது பயனற்றது. திங்கள்தோறும் அதே பாதையில் செல்க; ஒன்றும் காணாத நாளையும் தவறாது எழுதுக. சிறு தேனீக்களை உயிருடன் இனங்காண்டல் அரிது. நுண்ணோக்கியில் சிறகு நரம்புகளை நோக்கியே துணிய வேண்டும். பிங்காம் 1897-இல் வெளியிட்ட இந்தியத் தேனீக்கள், குளவிகள் பற்றிய நூல் இன்றும் அதற்குத் துணைபுரிவது. வேண்டிய அளவே கொன்று, இடம், நாள், மலர் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி, ஊசியில் கோத்துக் கல்லூரி விலங்கியல் அருங்காட்சியகத்தில் வைத்தால், பின்வருவோர் ஒப்பிட்டுப் பார்க்க இயலும்.